பஞ்சநாதன் காருக்கு ஸ்டாப் அண்ட் கோ வந்த கதை

ஆவணி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. காப்பி டம்ளரைக் கீழே வைத்த கையோடு, பெரம்பலூர் விதைக்கடை பஞ்சநாதன் ஒரு சட்டம் போட்டான்.

"இன்னையிலேர்ந்து நம்ம காரு, நின்னு நின்னு போற ரோட்டுக்குப் போவாது."

அவன் மனைவி பானுப்ரியா அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "நிக்காம போற ரோடு எங்கங்க இருக்கு? சொல்லுங்க, நாமளும் அங்கயே வூடு பாத்துக்கிட்டுப் போயிடலாம்."

"கிண்டல் பண்ணாத. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஸ்டாப் அண்ட் கோ ஆவாது. கியர் சூடாயி, தேஞ்சி, ஒருநா மொத்தமா உக்காந்துடும். போன்ல வீடியோ போட்டு ஒருத்தன் பதினெட்டு நிமிஷம் வெளக்கமா சொன்னான்."

ஸ்டாப் அண்ட் கோ என்று அவன் சொன்ன தோரணையைக் கேட்டால், அது ஏதோ மாட்டுக் கோமாரி மாதிரி, ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குத் தொற்றுகிற சீக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"அதனால?"

"அதனால நாளையிலேர்ந்து நீ பஸ்ஸுல போ. அரியலூர் ரோடு பூரா சுண்ணாம்புக்கல் லாரி. ஒவ்வொரு லாரிக்குப் பின்னாடியும் நின்னு, நகந்து, நின்னு, நகந்து… வண்டி என்னத்துக்கு ஆவும்?"

இதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். பானுப்ரியா அரியலூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். காரில் என்றால் எட்டேகாலுக்குக் கிளம்பினால் போதும். பஸ்ஸில் என்றால் ஆறே முக்காலுக்கு வாசலைத் தாண்டியாக வேண்டும். நடுவில் இருப்பது ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் அவள் கார் ஓட்டவே கற்றுக்கொண்டாள். கார் வந்த நான்கு மாதமாக அவள் விடிந்த பிறகு எழுந்திருக்கிறாள். டீயைச் சூடாகக் குடித்திருக்கிறாள். அதுவும் உட்கார்ந்து. கல்யாணமான ஆண்கள் எல்லாரும் அன்றாடம் செய்கிற காரியம்தான். பெண் செய்வதற்கு மட்டும் ஒரு கார் தேவைப்படுகிறது.

சட்டத்துக்குக் காரணம் கியர் என்று பஞ்சநாதன் சொன்னான். உண்மையான காரணம் அவனுடைய இடது கால்.

இருபது வருடம் லோடு வண்டியில் கிளட்ச் மிதித்த கால் அது. புதுக் காரில் மிதிக்கக் கிளட்ச் கிடையாது என்று தலைக்குத் தெரியும். காலுக்கு யார் போய்ச் சொல்வது? கார் வந்த முதல் வாரம், பழைய பஸ் ஸ்டாண்டு முனையில் கொஞ்சம் வேகத்தைக் குறைக்கலாம் என்று அவன் நினைத்தான். கால் தன்பாட்டுக்குக் கிளட்சைத் தேடிப் போனது. கிளட்ச் கிடைக்கவில்லை, பிரேக் கிடைத்தது. ஓங்கி மிதித்துவிட்டது. கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. பின்னால் வந்த லோடு ஆட்டோவும் அதே மாதிரி நின்றது. அதிலிருந்த வெங்காய மூட்டைகளில் இரண்டு மட்டும் நிற்காமல் ரோட்டுக்கு இறங்கி வந்தன.

மறுநாள் அதே முனையில் பானுப்ரியா ஒரு குலுக்கல் இல்லாமல் வளைத்துக்கொண்டு போனாள். பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் மெனக்கெட்டு விதைக்கடைக்கு வந்து சொன்னார்: "டீச்சரு என்னமா ஓட்டுறாங்கண்ணே! நீங்க அவங்ககிட்ட ஒரு வாரம் கத்துக்குங்களேன்."

அன்றைக்கு ஆரம்பித்தது. பெண்டாட்டி ஏன் கார் ஓட்டக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். தேடத் தேட, போன் என்ற அந்தச் சின்னப் பெட்டி காட்டாத காரணம் உண்டா? மூன்று மாதம் தேடி, கடைசியில் பதினெட்டு நிமிஷத்தில் அகப்பட்டது.

"சூடாவும்தாங்க, நான் இல்லன்னு சொல்லல," என்றாள் பானுப்ரியா. எதிராளி பேச்சில் உள்ள நியாயத்தை முதலில் ஒத்துக்கொள்வது அவள் வழக்கம். வீட்டுச் சண்டைக்கு உதவாத குணம். "ஆனா சூடாக்கறது ரோடு இல்ல, ஓட்டற காலு. நம்ம வண்டில கிளட்ச் இருக்கு, தெரியுமா?"

"கிளட்சா? எங்க இருக்கு? அது இருக்க வேண்டிய எடத்துல வெறும் மிதியடிதான் கெடக்குது."

"உள்ள இருக்கு. நாம மிதிக்கறதுக்குப் பதிலா ஒரு மோட்டாரு மிதிக்குது. முன்னாடி வண்டி ஒரு அடி நகந்தா நாமளும் ஒரு அடி ஊர்ந்தோம்னு வைங்க, கிளட்சு பாதி ஒட்டியும் ஒட்டாமலும் ஒரசிக்கிட்டே இருக்கும். அதான் சூடு. கொஞ்சம் எடம் வுட்டு நின்னு, நல்லா எடம் கெடச்சப்பறம் ஒரே மூச்சா போயி நின்னா ஒண்ணும் ஆவாது. நான் அப்படித்தான் போறேன்."

பஞ்சநாதன் குழம்பிப்போனான். கிளட்ச் இல்லாத கார் என்று சொல்லித்தான் அவனிடம் விற்றார்கள். இவள் இருக்கிறது என்கிறாள். வாசலுக்குப் போய்க் காரின் கதவைத் திறந்து, குனிந்து, மிதியடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அப்ப கிளட்சும் இருக்கு. யாரோ மிதிச்சிக்கிட்டும் இருக்காங்க. எனக்கு மட்டும் தெரியல. அப்படித்தான?"

"இந்த வூட்டுல பாதி வேல அப்படித்தாங்க நடக்குது."

வாதத்தில் தோற்றவனுக்கு மிச்சம் இருப்பது சாவி ஒன்றுதான். அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சட்டம் அமலுக்கு வந்தது.

பானுப்ரியா ஆறே முக்காலுக்கு வாசலைத் தாண்டிப் போய் பஸ்ஸில் தொங்கினாள். பஞ்சநாதன் காரில் கடைக்குப் போனான். வீட்டுக்கும் கடைக்கும் இரண்டு கிலோமீட்டர். நடுவில் பள்ளிக்கூட ஆட்டோக்கள், பால் வண்டி, மினி பஸ், நடு ரோட்டில் வண்டியை நிறுத்தி மாமியார் உடல்நிலையை விசாரிக்கிற பெரிய மனிதர்கள். பதினோரு இடத்தில் நிற்க வேண்டும்.

"இது ஸ்டாப் அண்ட் கோ இல்லையா?" என்று பானுப்ரியா கேட்டாள்.

"இது நம்ம டவுனு. எல்லாம் தெரிஞ்சவங்க."

"கியருக்கும் தெரிஞ்சவங்களா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நாலுவழிச் சாலையில் பாடாலூர் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓட்டிப் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். கியருக்குக் காற்றாட வேண்டுமாம். பானுப்ரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற நாள்.

மூன்றாவது வாரம் செந்துறையிலிருந்து பஞ்சநாதனின் அக்கா கலியம்மாள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். அவள் மகன் பூவரசனுக்கு அரியலூரில் பெண் எடுத்திருந்தார்கள்.

"தம்பி, மாப்பிள்ளை அழைப்புக்கு ஒங்காருதான். தாய்மாமன் காரு குத்துக்கல்லாட்டம் நிக்கறப்ப, எம்புள்ள வாடகைக் காருல வந்தா நல்லாவா இருக்கும்? நீதான் ஓட்டிக்கிட்டு வரணும்."

"அதுக்கென்னக்கா, சொல்லணுமா!" பஞ்சநாதனின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

தண்ணீர்ச் சொம்போடு வந்த பானுப்ரியா நின்றாள். "அண்ணி, கோயில்லேர்ந்து மண்டபம் எவ்ளோ தூரம் இருக்கும்?"

"ஒரு கிலோமீட்டரு இருக்கும். பேண்டு செட்டு, டான்ஸு, வாணவேடிக்கை எல்லாம் சேத்து ரெண்டு மணி நேரமாவது ஆவும்."

"ஒரு கிலோமீட்டருக்கு ரெண்டு மணி நேரம்." பானுப்ரியா புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இதவிடப் பெரிய ஸ்டாப் அண்ட் கோ இந்த ரெண்டு ஜில்லாவுலயும் உண்டா?"

"அது ஊர்வலம். மங்கள காரியம். டிராபிக்கும் அதுவும் ஒண்ணா?"

"கிளட்சுக்கு முகூர்த்தம் தெரியுமா?"

பஞ்சநாதன் அக்காவைப் பார்த்தான். அக்கா ஒன்றும் புரியாமல் சொம்பைப் பார்த்தாள்.

"அப்படி ஓட்டித்தான் ஆவணும்னா நான் ஓட்டறேன் அண்ணி. அந்த வண்டிய ஊர்ந்துக்கிட்டே போவ வுடாம ஓட்ட எனக்குத் தெரியும்."

"நல்லா இருக்கே! பொம்பள ஓட்டற வண்டில மாப்பிள்ள வந்து எறங்குனா ஊரு சிரிக்காது?" என்றாள் கலியம்மாள்.

ஊர் எதற்குச் சிரிக்கும், எதற்குச் சிரிக்காது என்று ஊரிடம் யாரும் போய்க் கேட்டது கிடையாது. கேட்காமலே ஊரின் சார்பில் சிரித்துக் காட்ட நம்மிடம் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. அதில் பாதிப் பேர் பெண்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

"சரிங்க அண்ணி," என்று பானுப்ரியா உள்ளே போய்விட்டாள். அவள் இரண்டு தடவைக்கு மேல் எதையும் சொல்வதில்லை. வகுப்பிலும் அப்படித்தான். மூன்றாவது தடவை பரீட்சையில் வரும்.

அக்கா போனதும் பஞ்சநாதன் வாசலுக்குப் போய்க் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கியர் சூடாகும் என்பது பெண்டாட்டிக்குச் சொல்லக் கண்டுபிடித்த காரணம்தான். ஆனால் மூன்று வாரமாகச் சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பத் தொடங்கியிருந்தான். நேராக நண்பன் தமிழழகனிடம் போனான். தமிழழகன் வேப்பந்தட்டையில் டிராக்டர் வைத்திருப்பவன். தெரியாத விஷயங்களில்தான் அவன் குரல் கணீரென்று இருக்கும்.

"ரொம்ப சிம்பிள்ணே. நிக்கறப்பல்லாம் 'என்'ல, நியூட்ரல்ல போடு. நகர்றப்ப 'டி'ல, டிரைவுல போடு. 'என்'ல இருந்தா கியருக்கு ஓய்வு."

"எத்தன தடவடா போடறது?"

"எத்தன தடவ நிக்கறியோ அத்தன தடவ."

"அது சரி. இந்த எடது காலு? அது பாட்டுக்குப் போயி மிதிச்சிடுதே?"

தமிழழகன் யோசித்தான். "கடையில கல்லாவுல ஒரு கால மடக்கி அடியில போட்டுத்தான உக்காருவ? அதே மாதிரி உக்காந்துக்க. காலு எங்கயும் போவாது."

இப்படி ஒரு யோசனை அந்தப் பதினெட்டு நிமிஷக்காரனுக்குக்கூட வரவில்லையே என்று பஞ்சநாதன் அசந்துபோனான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அரியலூரில் மாப்பிள்ளை அழைப்பு புறப்பட்டது. முன்னால் பேண்டு செட்டு. அதற்குப் பின்னால் ஆடுகிற பையன்கள். அடுத்தது சாமந்திச் சரம் போட்ட கார். ஓட்டுநர் இருக்கையில், இடது காலை மடித்துத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டு, தாய்மாமன் பஞ்சநாதன். பின் சீட்டில் பட்டு வேட்டியும் மாலையுமாகப் பூவரசன். காருக்குப் பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள், அதில் ஒருத்தியாகப் பானுப்ரியா. கடைசியில் சீரியல் லைட்டுக்கு ஜெனரேட்டர் ஏற்றிய மினி வண்டி.

பேண்டு நகர்ந்தது. 'டி'. பேண்டு நின்று ஒரு பாட்டு வாசித்தது. 'என்'. நகர்ந்தது. 'டி'. ஒரு பையன் ரோட்டில் புரண்டு ஆடினான். 'என்'. பஞ்சநாதனின் கை மாவாட்டுகிற கை மாதிரி ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன மாமா பண்றீங்க?"

"கியருக்கு ஓய்வு குடுக்கறேன் மாப்ள."

"அது கேட்டுச்சா மாமா?"

கோயில் தெரு முடிந்ததும் ரோடு லேசாக மேடேறியது. அங்கேதான் தமிழழகனின் திட்டத்தில் ஓட்டை விழுந்தது. 'என்'னில் போட்டுப் பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் நழுவியது. 'டி'யில் போட்டால் ஊர்ந்து போய்ப் பேண்டு வாத்தியார் முதுகில் முட்டப் பார்த்தது. பஞ்சநாதனுக்கு லோடு வண்டிக் காலத்து வித்தை நினைவு வந்தது. 'டி'யில் வைத்து, ஆக்சிலேட்டரை அரை மிதியாக மிதித்து, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் வண்டியை மேட்டில் அந்தரத்தில் நிறுத்தினான். என்ன ஒரு லாகவம்! தன்னையே மெச்சிக்கொண்டான். கியருக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமே என்ற நினைப்பு உடனே வந்தது. அவசரமாக 'என்'னுக்குத் தள்ளினான். கை ஒரு கட்டம் தாண்டி 'ஆர்'ரில் போய் விழுந்தது.

முன்னாலிருந்த திரையில் திடீரென்று ஒன்றுவிட்ட அத்தை காத்தாயி தோன்றினாள். கையில் ஆப்பிள் தட்டு.

"டிவில எப்படிடா அத்த வந்துச்சு?"

"மாமா, அது பின்னாடி கேமரா! வண்டி பின்னாடி போவுது மாமா!"

பீப், பீப், பீப் என்று கார் அலறியது. பெண்கள் நாலா பக்கமும் சிதறினார்கள். காத்தாயி மட்டும் ஓடவில்லை. ஆப்பிள் தட்டை டிக்கியின் மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் காரை முட்டுக்கொடுத்து நிறுத்தப் பார்த்தாள். "அடேய் பஞ்சநாதா! சீரு கொண்டாந்தவளுவள சீரழிக்கப் பாக்கறியேடா!"

பிரேக். மறுபடி 'டி'. மறுபடி அரை மிதி, அந்தரம். எங்கோ கருகிய வாடை வந்தது. வாணவேடிக்கை என்று நினைத்தான். வாடை கூடியது. மீட்டரில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. ஒரு வரி எழுத்து ஓடியது.

"என்னவோ எழுதுது மாமா. கிளட்சு சூடாயிடுச்சாம். நிறுத்தச் சொல்லுது."

"கிளட்சா?" பஞ்சநாதன் குனிந்து மிதியடியைப் பார்த்தான். "அப்ப நெசமாவே இருக்கா?"

இருந்த கிளட்ச் அத்தோடு வேலைநிறுத்தம் செய்தது. இன்ஜின் உறுமியது. 'டி' எரிந்தது. கார் அசையவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் மண்டபம் நோக்கிப் போனது.

சத்தத்தோடு பேண்டு செட்டும் போனது. பின்னால் மாப்பிள்ளை வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் பேண்டு செட்டுக்குக் கிடையாது. அது வாசித்துக்கொண்டே மண்டபம் போய்ச் சேர்ந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண் வீட்டார், பேண்டு வாத்தியாருக்குப் பின்னால் வெறும் ரோட்டைப் பார்த்தார்கள். இங்கே கலியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, மகனை இறக்கி, ஜெனரேட்டர் வண்டியில் ஏற்றி அனுப்பினாள். சீரியல் லைட் மின்ன மின்ன, ஜெனரேட்டரைக் கட்டிப் பிடித்தபடி பூவரசன் போனான். பெண்கள் பின்னால் ஓடினார்கள்.

பானுப்ரியா மட்டும் தன் தட்டைக் காத்தாயியிடம் கொடுத்துவிட்டு நின்றாள். "சொன்னேனா இல்லையா" என்று கேட்கவில்லை. அவன் பக்கக் கதவைத் திறந்து, கையை நீட்டி இன்ஜினை அணைத்தாள். பானட்டைத் தூக்கி வைத்தாள்.

"எறங்குங்க. கொஞ்ச நேரம் ஆறட்டும்."

பஞ்சநாதன் இறங்கினான். அதாவது, வலது கால் இறங்கியது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தொடைக்கு அடியில் கிடந்த இடது கால், அது யாருடைய கால் என்றே தெரியாத அளவுக்கு மரத்துப்போயிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றான்.

அப்போது மண்டபத்துப் பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. வந்தவர் பெண்ணின் அப்பா சிவசுப்பிரமணியன். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். கடைசிப் பத்து வருடம் டெப்போவில் புது டிரைவர்களைப் பழக்கிவிட்டு ஓய்வுபெற்றவர். மீசைக்குள் ஹாரன் வைத்த மாதிரி குரல்.

"என்னாச்சு சம்பந்தி? மாப்பிள்ள ஜெனரேட்டரோட வராரு!" மூக்கை உறிஞ்சினார். "கிளட்சு! யாரு ஓட்டுனது?"

வேறு யார் கேட்டிருந்தாலும் பஞ்சநாதன் உண்மையைச் சொல்லியிருப்பான், அல்லது பாதி உண்மையைச் சொல்லியிருப்பான். கேட்டவர் டிரைவர்களுக்கே வாத்தியார். அதிலும் புதுச் சம்பந்தி. நாளைக் காலையில் முகூர்த்தம். பஞ்சநாதன் தன் இடது காலைப் பார்த்தான். வாய் தானாகப் பேசியது.

"எனக்குக் காலு மரத்துப்போச்சுங்க. அதான்… சம்சாரம் ஓட்டுனா."

சொல்லிவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. வீட்டுப்பாட நோட்டை ஆடு தின்றுவிட்டது என்று சொல்லும் பையனைப் பார்க்கிற மாதிரி பானுப்ரியா அவனைப் பார்த்தாள்.

"ஆமாங்கண்ணே," என்றாள் நிதானமாக. "நாந்தான் ஓட்டுனேன்."

பஞ்சநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள்! ஊருக்குப் போனதும் ஒரு நல்ல புடவை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தான். அந்த முடிவு சுமார் ஒரு நிமிஷம் உயிரோடு இருந்தது.

"ஏன் தங்கச்சி, மேட்டுல ஆக்சிலேட்டர மிதிச்சே நிறுத்துனியா?"

"ஆமாங்கண்ணே. அது மட்டுமில்ல, அடிக்கொரு தடவ 'என்'னுக்கும் 'டி'க்கும் மாத்துனேன். நடுவுல 'ஆர்'லயும் போட்டுட்டேன்."

"அடக் கடவுளே! இவ்ளோ கூமுட்டையா யாராச்சும் ஓட்டுவாங்களா?"

"நீங்களே சொல்லுங்க," என்று பானுப்ரியா புருஷனிடம் திரும்பினாள். "யாராச்சும் ஓட்டுவாங்களா?"

"…ஓட்ட மாட்டாங்க," என்றான் பஞ்சநாதன் தரையைப் பார்த்து.

"அண்ணே, நீங்க எத்தனையோ பேரப் பழக்கியிருப்பீங்க. ஒங்க டெப்போல இப்படிக் கிளட்ச எரிக்கறவங்கள என்ன பண்ணுவீங்க?"

சிவசுப்பிரமணியன் நிமிர்ந்தார். இந்தக் கேள்வியை ஓய்வுபெற்ற பிறகு யாருமே அவரிடம் கேட்டதில்லை. "டவுன் பஸ்ஸுலேர்ந்து தூக்கி வெளியூரு ரூட்டுல போட்டுடுவோம். தெனம் ஒரே ரோடு, ஒரே வண்டி, ஒரே ஆளு. கை மாத்த வுட மாட்டோம். காலு தானா அடங்கிடும். வண்டியும் தேறிடும்."

"ஒரு முப்பது கிலோமீட்டரு போதுமாங்கண்ணே? பெரம்பலூரு–அரியலூரு?"

"நான் ஆளுங்கள பழக்குன ரோடே அதான் தங்கச்சி!"

பஞ்சநாதன் பதறினான். "அய்யோ, அங்க லாரி நிக்கும்ங்க! ஸ்டாப் அண்ட் கோ…"

"நிக்கட்டும் சம்பந்தி. எடம் வுட்டு நின்னு பழகுவாங்க. நாலு எடத்துல நின்னாலும் மிச்ச ரோட்டுல கிளட்சு ஆறிடும்ல? டவுனுக்குள்ள ரெண்டு கிலோமீட்டரு ஊருது பாருங்க, அதான் எமன். ஆறதுக்கே நேரம் கெடைக்காது. இந்த வண்டி இனிமே டவுனுக்குள்ள சுத்தக் கூடாது."

"அது இல்லீங்க, நான் வந்து…"

"நீங்க தொடவே கூடாது. மரத்துப்போற கால வச்சிக்கிட்டு ஸ்டீரிங்ல கை வைக்கலாமா? சாவி எங்க?"

சாவி ஏற்கெனவே பானுப்ரியாவின் கையில் இருந்தது. இன்ஜினை அணைத்தவள் அவள்தானே.

"திங்கக்கெழம காலைல எம்வூட்டு வாசலத் தாண்டித்தான தங்கச்சி பள்ளிக்கூடம் போவ? நான் நின்னு பாப்பேன். ஒருநாளு கை மாறி வேற ஆளு ஓட்டுனா, சம்பந்திய போன்ல கூப்பிட்டுக் கேப்பேன்."

"எத்தன நாளைக்குங்கண்ணே?"

"கிளட்சு வாடை போற வரைக்கும்." அவர் குனிந்து, ஓட்டுநர் இருக்கையை ஒரு பார்வை பார்த்தார். அது தண்டவாளத்தின் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளியிருந்தது. பிறகு பானுப்ரியாவைப் பார்த்தார். அவள் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. மீசை லேசாக அசைந்தது. "சில வண்டில அது வருஷக்கணக்கா அடிக்கும்."

பஞ்சநாதன் வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் கூமுட்டை என்ற பட்டமும் பொய்யன் என்ற பட்டமும் ஒரே மேடையில் கிடைக்கும். அதுவும் அக்கா மகன் கல்யாணத்தில். வாயை மூடிக்கொண்டான்.

அரை மணி நேரத்தில் சிவப்பு விளக்கு அணைந்தது. பானுப்ரியா இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ரோடு காலியாகும் வரை காத்திருந்து, மண்டபத்துக்கு ஒரே மூச்சில் ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் பஞ்சநாதன் தன் காலைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டு வந்தான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவன் கண் விழித்தபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. குக்கர் சத்தம் இல்லை. பாத்திரம் உருளவில்லை. பயந்துபோய்ப் பார்த்தால், பக்கத்தில் பானுப்ரியா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இந்தக் கார் வருவதற்கு முன்னால், பத்து வருடத்தில் ஒருநாளாவது அவள் வெளிச்சத்தில் தூங்கிப் பார்த்திருக்கிறோமா என்று அவனுக்கு ஞாபகம் வரவில்லை. எழுப்பலாமா வேண்டாமா, எழுப்பினால் டீ கிடைக்குமா, டீயைத் தானே போட்டால் சர்க்கரை எங்கே இருக்கும் என்று குழம்பியபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஏழரைக்கு அவள் எழுந்தாள். டீ போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், ஊதி ஊதிக் குடித்தாள். எட்டேகாலுக்குச் சாவியை எடுத்தாள்.

"அது சரி, நான் கடைக்கு எதுல போறது?" என்று பஞ்சநாதன் வாசல் வரை வந்தான். "பைக்கத்தான் காரு வந்த அன்னிக்கே வித்தாச்சே. நீ கடைகண்ணிக்குப் போற ஸ்கூட்டரு சாவியாவது குடு."

பானுப்ரியா காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினாள். "அது மட்டும் என்னவாம்? கியரு மாத்தாத வண்டி. அதுவும் ஆட்டோமேட்டிக்தாங்க. டவுனுக்குள்ள நின்னு நின்னு போனா சூடாயி, தேஞ்சி, ஒருநா மொத்தமா உக்காந்துடும்."

கார் ஒரு குலுக்கல் இல்லாமல் தெருமுனை திரும்பியது.

பஞ்சநாதன் கடைக்கு நடந்து போனான். அந்த இரண்டு கிலோமீட்டரில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. நின்றால் கார் எங்கே என்று கேட்பார்கள்.